தலைப்பிரசவத்துக்குப் போன குற்றம்

என் அக்கா பிறந்தது கண்டியில். நான் பிறந்தது திருவண்ணாமலையில், தேரடி வீதிக்குப் பின்சந்தில் இருந்த எங்கள் வீட்டு நடு அறையில். இருவருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா. இருந்தும் அரசாங்கத்தின் கண்ணில் நான் இந்தியப் பிரஜை, அவள் அந்நியர். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. வயதாகிவிட்டதால் என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில்தான்.

அவள் கண்டியில் பிறந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்பு முடிந்த கையோடு பெற்றவர்கள் வந்து அழைத்துப்போவார்கள். குழந்தைக்குத் தலை நின்ற பிறகு சீர்வரிசையோடு கொண்டுவந்து விடுவார்கள். அழைத்துப்போகாதவர்களை ஊர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கும். அம்மாவின் தாய்வீடு முதலில் போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில்தான் இருந்தது. அவளுக்குக் கல்யாணமான மறுவருடம் அவளைப் பெற்றவருக்குக் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். தாய்வீடு கடல் தாண்டிவிட்டது. அதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா?

நாடு குடியரசாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா இரண்டு கைநிறைய வளையலோடு எங்கள் ஊரில் ரயில் ஏறினாள். விழுப்புரத்தில் போட் மெயிலைப் பிடித்து, மண்டபம் முகாமில் இறங்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில். அத்தனை தூரப் பயணத்தில் அவள் கடைசிவரை மறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஊசியைப் பற்றித்தான். கை வீங்கி வளையலெல்லாம் சதையில் பதிந்துவிட்டதாம். அக்கா பிறந்து, தலை நின்று, அம்மா அதே வழியில் திரும்பி வந்தாள். அக்காவுக்கும் கண்டிக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். அங்கே அவள் வயிற்றுக்குள் போனது தாய்ப்பாலும் உரைமருந்தும்.

இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் எங்களில் இல்லை. அதனால் நான் தேசபக்தையாகப் பிறந்தேன்.

அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா செய்த காரியத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பிள்ளையின் பிறந்த தேதியைச் சரியாகச் சொல்லிச் சேர்த்தவர்கள் கம்மி. வயது போதவில்லை என்றால் ஹெட்மாஸ்டரே ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுக்கொள்வார். அக்காவுக்கும் அப்படித்தான் போட்டார். பிறந்த ஊர் எது என்று கேட்டபோது மட்டும் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "கண்டி" என்றாராம். மாமனார் வெளிநாட்டில் இருக்கிறார் என்கிற பெருமை. தேதியைப் பொய்யாகச் சொன்ன மனிதர் ஊரை உண்மையாகச் சொல்லித் தொலைத்தார். பொய்யான தேதியைப் பற்றி எந்த அதிகாரியும் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையான ஊர்தான் அவள் கழுத்தைப் பிடித்தது.

பிடித்தது எழுபதுகளின் நடுவில். அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்து உத்தரவு வந்தது. அம்மா கேசரி கிண்டினாள். அப்பா தன் பாத்திரக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சோடா வாங்கிக் கொடுத்தார். அக்கா மூன்று கைத்தறிப் புடவை வாங்கி, ஃபால்ஸ் தைத்து, மடித்து வைத்தாள். வேலையில் சேருவதற்கு முன்னால் வழக்கமான விசாரணை ஒன்று பாக்கி இருந்தது.

அப்போதுதான் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அவர்களைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. கருத்து இல்லாத விஷயமே அவருக்குக் கிடையாது. "இவங்களயெல்லாம் உள்ள விட்டுனே இருந்தா நம்ம புள்ளைங்களுக்கு வேலை எங்கருந்து வரும்? பார்டர்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கான்?" என்று கடையில் உட்கார்ந்து பேசுவார். எடைபோட்டுக்கொண்டே பேசுவார். தராசுத் தட்டைவிட அவர் குரல் உயரமாக நிற்கும். தன் வீட்டிலேயே ஒருத்தி அந்த வரிசையில் நிறுத்தப்படுவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அக்காவை விசாரணைக்கு வரச்சொன்ன அலுவலகம் எது என்று நான் சொல்லப்போவதில்லை. அதே மேஜை, அதே மின்விசிறி, அதே முகங்கள். எந்த அலுவலகமாக இருந்தால் என்ன? அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். குமாஸ்தா அக்காவின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பொறந்த ஊரு கண்டின்னு போட்டிருக்கே. எந்தக் கண்டி?"

"சிலோன் கண்டிங்க," என்றாள் அக்கா.

"அப்ப தாயகம் திரும்பினவங்க. திரும்பினவங்களுக்குக் குடுக்கற குடும்ப அட்டை எங்க?"

"நாங்க அங்க குடி போகவே இல்லீங்க, திரும்பறதுக்கு. எங்கம்மா தலைப்பிரசவத்துக்குப் போனாங்க."

"அட்டை இல்ல. பாஸ்போர்ட்டு இருக்கா? அதுவும் இல்ல. அப்ப எதுல வந்த நீ? கள்ளத்தோணியிலயா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பியூன்கூடச் சிரித்தான். அக்கா சிரிப்பு ஓயும்வரை நின்றாள்.

"எங்கம்மா மடியில வந்தேங்க," என்றாள்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. குமாஸ்தாவுக்கு அது திமிராகப் பட்டது. சான்றிதழைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அப்பா தன் வாக்காளர் விவரம், நிலத்துப் பட்டா, தன் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார். "உங்க மேல எங்களுக்குச் சந்தேகமே இல்லீங்க. நீங்க இந்தியாதான். பொண்ணுதான் யோசனையா இருக்கு," என்றார் குமாஸ்தா. அப்பன் இந்தியா, அம்மா இந்தியா, இரண்டுக்கும் பிறந்தது மட்டும் சிலோன்! எந்தத் தறியில் இப்படி நெய்வார்கள்?

எங்கள் தெருவிலேயே ஒரு வக்கீல் இருந்தார். அவர் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். தகப்பன் இந்தியப் பிரஜையாக இருந்தால் பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும் இந்தியப் பிரஜைதான். அன்றைய சட்டத்தில் அது பளிச்சென்று இருந்தது. மறுநாள் அவரே கூட வந்து அந்தப் பக்கத்தைக் குமாஸ்தாவிடம் நீட்டினார். குமாஸ்தா அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "சட்டம் புஸ்தகத்துல இருக்குங்க சார். எனக்கு மேல இருக்கறவரு வேலூர்ல இருக்காரு. அவரு எழுதினாத்தான்," என்றார். அப்போது எங்கள் ஊருக்கு மாவட்டத் தலைநகரம் வேலூர். எமர்ஜென்சி காலம் வேறு. குரலை உயர்த்திப் பேச வக்கீலுக்கே பயம்.

வேலூரிலிருந்து பதில் வரும்வரை அக்கா போலீஸ் ஸ்டேஷனில் வந்து ஊரில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். வெளிநாட்டவர் விவகாரம் பார்க்கிற ஏட்டு ஒருவர் இருந்தார். துணைக்கு நான் போனேன். அங்கே ஒரே ஒரு பெஞ்சு. அதில் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் காவி வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய விசா முடிந்து வருடக்கணக்காகிவிட்டது என்று ஏட்டே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். "சாமிக்கு மலையை விட்டுப் போக மனசு வரல," என்றார். சாமிக்கு டீ வந்தது. சாமியிடம் கேள்வி ஒன்றும் இல்லை. "அடுத்த மாசம் வாங்க சாமி, பாத்துக்கலாம்," என்று கும்பிடு போட்டார். அந்த மனிதர் அக்கா நிற்பதைப் பார்த்து எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். ஏட்டு பதறிவிட்டார்.

"நீங்க உக்காருங்க சாமி. அந்தப் பொண்ணு நிக்கும்."

அந்த வெள்ளைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மலையைப் பார்த்துக்கொண்டு இருக்க ஆசைப்பட்டார், இருந்தார். நாங்களும் அதே மலையைப் பார்த்துக்கொண்டுதான் பல் தேய்த்தோம். விசா தீர்ந்துபோனவருக்கு பெஞ்சு. விசாவே தேவைப்படாதவளுக்குத் தரை. அக்கா அன்றைக்குக் கட்டியிருந்தது வேலைக்காக வாங்கின மூன்று புடவையில் ஒன்று. நீலத்தில் மஞ்சள் கரை. பள்ளிக்கூடத்துக்கு என்று எடுத்ததை ஸ்டேஷனுக்குக் கட்டிக்கொண்டு போனாள்.

எல்லை வேண்டாம், காவல் வேண்டாம் என்று பேசுகிறவள் இல்லை நான். வீட்டுக்குக் கதவு இருக்கிறது, இரவானால் தாழ்ப்பாள் போடுகிறோம். யார் வந்தாலும் யார் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறவனுக்கு வீட்டுப் பிள்ளை யார் என்று தெரிந்திருக்க வேண்டாமா? வலுத்தவன் சுவரேறிக் குதித்தால் சாமி என்று கும்பிடுவது, வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்தால் வாசலில் நிறுத்திக் குடைவது. இதற்குப் பெயர் காவலா? என்னைக் கேட்டால் இதற்குப் பெயர் இளப்பம்.

கடைசியாக அந்த அலுவலகத்தின் பெரியவர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"வேலூர் பதில் எப்ப வரும்னு சொல்ல முடியாதும்மா. அதுவரைக்கும் வேலையைக் காலியா வெக்க மாட்டாங்க. நான் ஒரு வழி சொல்றேன். நான் சிலோன் பிரஜை, அதை விட்டுட்டு இந்தியப் பிரஜையாக விரும்பறேன்னு ஒரு மனு எழுதிக் குடுத்துடு. மனு நிலுவையில இருக்குதுன்னு எழுதி உன்னைத் தற்காலிகமா வேலையில சேத்துடலாம். ஒரு வருஷத்துல குடியுரிமை வந்துடும். நான் சிபாரிசு பண்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா குதித்தார். சந்தோஷத்தில். "ஒரு கையெழுத்துதானே! போட்டுட்டு வேலைக்குப் போ. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்," என்றாள் அக்கா. "ஒரு நாள்கூட நான் வேற நாட்டுக்காரியா இருந்ததில்லப்பா. இல்லாத ஒண்ண எப்படி விட்டுட்டேன்னு எழுதறது? நான் எழுதிக் குடுத்தேன்னா அந்தாளு கேட்டது சரின்னு ஆயிடும். கள்ளத்தோணின்னு கேட்டானே, ஆமான்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"நாட்டுல எல்லாரும் பொய் சொல்லித்தான் பொழைக்கறான்!"

"நீங்க அன்னிக்கே ஒரு பொய் சொல்லியிருந்தா நான் இன்னிக்கு இத்தனை அலைய வேண்டாம். திருவண்ணாமலைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

அப்பா அடித்து வைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கடையில் அவர் பார்டரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாதான் மூலையில் அழுதுகொண்டிருந்தாள். "நான் போயிருக்கக் கூடாது. இங்கயே பெத்திருக்கணும். எல்லாம் என்னாலதான்," என்று தலையில் அடித்துக்கொண்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன ஒரு பெண்ணைத் தான் குற்றவாளி என்று நம்பவைத்துவிட்டார்களே, அதற்காகவே அந்த அலுவலகத்தை நான் மன்னிக்க மாட்டேன். அக்கா போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உன் அம்மா வீட்டுக்குப் போன. அதுக்கு எதுக்கு அழுவற?" என்றாள். அவளும் அழுதாள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. தண்டராம்பட்டுப் பக்கத்து வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணமாகவே நடந்தது. அக்கா வேலூருக்கு மனு எழுதினாள். பஸ் ஏறிப் போளூர், கண்ணமங்கலம் வழியாகப் போய்க் காத்திருந்து திரும்பினாள். நினைவூட்டு எழுதினாள், மறுபடி நினைவூட்டு எழுதினாள். இடையில் ஊரிலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளைச் "சிலோன் டீச்சர்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் தாம்பூலத்தைக் கையில் வைத்துக்கொண்டே "பொண்ணுக்கு ஏதோ போலீஸ் விசாரணை இருக்குதாமே?" என்றார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு வேறு காரணங்களும் இருந்தன. அதையும் அந்த அலுவலகத்தின் தலையில் கட்ட மாட்டேன். கட்டினால் என்ன என்றும் சில நாள் தோன்றும்.

பதில் ஒரு நாள் வந்தது. இவர் பிறந்ததிலிருந்தே இந்தியப் பிரஜை, இதில் மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இரண்டு வரி. வருத்தம் தெரிவித்து ஒரு சொல் இல்லை. அரசாங்க வேலைக்கான வயது வரம்பை அக்கா அதற்குள் தாண்டியிருந்தாள். ஹெட்மாஸ்டர் போட்டுவைத்த அந்தப் பொய்த் தேதிப்படி கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்.

எண்பதுகளில் சிலோனில் கலவரம் வெடித்தது. உடுத்த துணியோடு ஆட்கள் படகில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊருக்கு வெளியேயும் தார்ப்பாய்க் கொட்டகைகள் போட்டு ஒரு முகாம் வைத்தார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் தேவைப்பட்டது. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நின்றது. அதே அலுவலகத்திலிருந்து ஆள்.

"சிலோன் டீச்சர் வீடு இதானுங்களே? முகாமுக்கு டீச்சர் வேணுமாம். நீங்க அந்த ஊருக்காரங்க, உங்களுக்குத்தான் அவங்க பழக்கவழக்கமெல்லாம் தெரியும்னு ஐயா சொன்னாரு. டெம்பரவரிதான், சம்பளம் கம்மி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சைக்கிளை எட்டி உதைத்திருப்பேன். வேலை தரும்போது சிலோன்காரி என்று தட்டிப் பறித்தார்கள், இப்போது சிலோன்காரி என்று கூப்பிட ஆள் அனுப்புகிறார்கள். "போகாத," என்றேன். அக்கா உள்ளே போய் அந்த நீலப் புடவையைத் தேடி எடுத்தாள். மடிப்பில் நைந்திருந்தது. "கூப்பிடறவன் யாரா இருந்தா என்ன, அங்க உக்காந்திருக்கறது புள்ளைங்க," என்றாள்.

முகாமில் திருகோணமலையிலிருந்து வந்த ஓர் இளம்பெண் இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில். புருஷன் கூட இருந்தான். தாய் அங்கேயே தங்கிவிட்டாள். "என்ட அம்மா இல்லாம எப்படிப் பெறுவனோ தெரியாதக்கா," என்று அக்காவிடம் சொன்னாளாம். அக்கா அதை வீட்டில் வந்து சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தலைப்பிரசவமாடி அவளுக்கு? இங்க கூட்டினு வா."

முகாம் அதிகாரியிடம் அனுமதிக்கு அலைந்து, இத்தனை நாள்தான், கணக்கெடுக்கும்போது ஆள் இருக்க வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனையோடு அழைத்துவந்தோம். அம்மா தெருப் பெண்களைக் கூப்பிட்டு வளையல் அடுக்கினாள். எதிர்வீட்டு முஸ்லிம் அம்மா இனிப்பும் கண்ணாடி வளையலும் கொண்டுவந்தார். அந்தப் பெண் மண்டபம் வழியாக வந்தாள் என்று தெரிந்ததும் அம்மா ஆர்வமாக, "அங்க இன்னும் ஊசி போடறாங்களா? கை வீங்குச்சா?" என்று கேட்டாள். அவள் வீங்கியது என்றாள். அந்த ஒரு பதிலில் அம்மாவுக்கு அவள் சொந்தமாகிவிட்டாள்.

ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதிய அக்காவும் நானும் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சின்ன வயசுக்காரர். தாய் தகப்பன் முகாம் ஆட்கள் என்றதும் பேனாவை மூடினார்.

"அகதிங்களா? அது அந்த நாட்டுக் கொழந்தைங்க. முகாம்ல எழுதிப்பாங்க."

இந்த மண்ணில் பிறந்தால் போதும், தாய் தகப்பன் யாராக இருந்தாலும் பிள்ளை இந்தியப் பிரஜை என்று அப்போது சட்டம் இருந்தது. பிற்பாடுதான் மாற்றினார்கள். தன் வழக்குக்காக வக்கீல் வீட்டுப் புத்தகத்தை அக்கா எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறாள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரல் ஏறவே இல்லை.

"தம்பி, என்னை விசாரிக்கும்போது பொறந்த ஊரைப் பாத்தாங்க, அப்பா யாருன்னு பாக்கல. இந்தக் கொழந்தைக்கு அப்பா யாருன்னு பாக்கறீங்க, பொறந்த ஊரைப் பாக்கல. எதைப் பாத்தா வெளிய தள்ள முடியுமோ அதைத்தான் பாப்பீங்களா?"

அவர் எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையை எட்டிப் பார்த்தார். அக்காவின் கதை அவருக்கு என்ன தெரியும்? ஆனால் அவள் நகரமாட்டாள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. வரிசை நீண்டது. முனகிக்கொண்டே எழுதினார். பிறந்த ஊர், திருவண்ணாமலை. அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வரும்போது அக்கா தேரடியில் நின்று எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முகாம் அட்டையில் அந்தக் குழந்தையை அகதி என்றுதான் சேர்த்தார்கள். அவள் போய்ச் சண்டை போட்டும் மாற்றவில்லை.

சில வருடங்களில் அங்கே சமாதானம் வந்துவிட்டது என்று இரண்டு அரசாங்கமும் சேர்ந்து சொல்லின. முகாமில் இருந்தவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். அந்தக் குடும்பத்தின் முறையும் வந்தது. குழந்தை நன்றாக ஓடியாடிப் பேசுகிற வயது. எங்கள் ஊர்ப் பேச்சுதான் பேசும். "நா வரல, நீ போ," என்று பெற்றவளிடம் சொல்லிவிட்டு எங்கள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சட்டப்படி இந்தியப் பிரஜையான ஒரு பிள்ளையை, அது பார்த்தே இராத ஒரு தேசத்துக்கு, ஊர் திரும்புகிறாள் என்று எழுதி அனுப்பினார்கள். இதைக் கேட்க அன்றைக்கு ஒரு நாதி இல்லை.

பஸ் கிளம்புகிற அன்று காலையில் அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள்.

"அக்கா, அங்க பள்ளிக்கூடத்துல சேர்க்கிற நேரம் இதைக் காட்டலாம்தானே?"

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாங்கிய காகிதம். அதைத் திரும்பவும் பிளாஸ்டிக் பையிலேயே சுற்றினாள். இல்லாத ஒன்றை எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று வேலையையும் வயதையும் விட்டவள் என் அக்கா. அப்படிப்பட்டவள் ஒரு பொய்யைத்தான் அப்போது அந்தக் குழந்தைக்குச் சீராகக் கொடுத்தனுப்பினாள்.

"காட்டாதம்மா. பத்திரமா ஒளிச்சு வை. பொறந்த ஊரு எதுன்னு கேட்டா திருகோணமலைன்னு சொல்லு. எங்கப்பா மாதிரி உண்மையச் சொல்லிடாத."